ஷேர் மெனுல பிரிண்ட் ஏன் வரமாட்டேங்குது, வர வைக்க என்ன பண்ணணும்

நீங்க கேட்டது இதுதான்: ஸ்கூல் ஆப் ஒண்ணு பண்றீங்க, ஃபீஸ் ரசீது, ரேங்க் கார்டு, வொர்க்‌ஷீட் எல்லாம் பிடிஎஃப்பா வருது, ஷேர் பட்டனும் வெச்சாச்சு. இப்ப பேரண்ட்ஸ் "இதுலயே பிரிண்ட் வெச்சுக் கொடுங்க"ன்னு கேக்கறாங்க. ஐபோன்ல ஷேர் தட்டினா பிரிண்ட் தானா வந்து நிக்குது, ஆண்ட்ராய்டுல ஒண்ணு ரெண்டு போன்ல வருது, மத்த போன்ல வரவே இல்ல, எல்லாத்துக்கும் ஒரே கோடுதான், எங்க தப்புன்னு கேட்டிருக்கீங்க.

உங்க கோடுல தப்பு இல்லங்க. ஆண்ட்ராய்டுல ஷேர் ஒரு ரோடு, பிரிண்ட் வேற ரோடு. ஷேர் தட்டும்போது நீங்க அனுப்பறது ஆக்‌ஷன் செண்ட் இன்டென்ட், அதாவது "என்கிட்ட ஒரு பிடிஎஃப் இருக்கு, யாருக்கு வேணும்"னு சிஸ்டம் கூப்பிட்டுக் கேக்கும், வாட்ஸ்அப், ஜிமெயில், டிரைவ்னு கை தூக்கினவங்க எல்லாம் லிஸ்ட்ல வருவாங்க. ஆண்ட்ராய்டோட சொந்த பிரிண்ட் சிஸ்டம் அந்தக் கூட்டத்துலயே இல்ல, அதனால அது கை தூக்கவும் போறதில்ல. அப்ப சில போன்ல மட்டும் எப்படி வருதுன்னா, அந்த போன்ல மொப்ரியா பிரிண்ட் சர்வீஸோ (பல கம்பெனி பிரிண்டருக்கும் பொதுவான ஆப்) பிரிண்டர் கம்பெனியோட ஆப்போ போட்டிருப்பாங்க, அது "பிடிஎஃப் வந்தா நான் வாங்கிக்கறேன்"னு தன்னைப் பதிஞ்சு வெச்சிருக்கும். உங்க கண்ணுக்குத் தெரியற பிரிண்ட் அந்த ஆப்போடது, உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஆப்பிள் வேற மாதிரி யோசிச்சிருக்காங்க. 2010ல ஐஓஎஸ் 4.2ல ஏர்பிரிண்ட் (வயர் இல்லாம ஐபோன்ல இருந்து பிரிண்ட் எடுக்கற வசதி) வந்தது, 2012ல ஐஓஎஸ் 6ல இப்ப நாம பாக்கற ஷேர் ஷீட்டுக்கான யூஐஆக்டிவிட்டிவியூகன்ட்ரோலர் வந்தது, வரும்போதே காப்பி, மெயில், பிரிண்ட் எல்லாத்தையும் உள்ளயே கட்டிவெச்சுட்டாங்க, நீங்க கொடுக்கற சாமான் பிரிண்ட் ஆகற வகையா இருந்தா போதும், தானா காட்டும். ஆண்ட்ராய்டுக்கு பிரிண்ட் ஃபிரேம்வொர்க்கே 2013ல கிட்கேட் 4.4லதான் வந்தது, ஷேர் இன்டென்ட் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த விஷயம், ரெண்டையும் அப்புறம் யாரும் சேர்த்துத் தைக்கல.

இன்னொரு வித்தியாசம் இருக்கு, இதைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா கீழ சொல்றது முக்கால்வாசி தானா புரியும். ஷேர்ங்கறது கொடுத்துட்டு வர்ற வேலை. ஃபைலோட அட்ரஸக் கொடுக்கறீங்க, படிக்க பெர்மிஷன் கொடுக்கறீங்க, அதோட உங்க வேலை முடிஞ்சது. பிரிண்ட் அப்படி இல்ல, டெய்லர் அளவெடுத்து தைக்கற மாதிரி, ஏ4ஆ லெட்டரா, நீட்டா குறுக்கா, கலரா கருப்பு வெள்ளையா, எத்தனை பக்கம்னு சிஸ்டம் உங்க ஆப்ப திரும்பத் திரும்ப கேக்கும், அந்த டயலாக் மூடற வரைக்கும் உங்க ஆப் உயிரோட இருந்து பதில் சொல்லிட்டே இருக்கணும். அதனாலதான் பிரிண்ட்ட ஷேர் லிஸ்ட்டுக்குள்ள இன்னொரு ஐகானா திணிக்கப் பாக்கறப்ப பிரச்சனை ஆரம்பிக்குது.

என்னைக் கேட்டா பிரிண்ட்ட சிஸ்டம் ஷேர் ஷீட்டுக்குள்ள போடாதீங்க, அதுக்கு ஒரு படி முன்னாடி போடுங்க. உங்க ஷேர் பட்டன தட்டினா முதல்ல உங்க சொந்த பாட்டம் ஷீட் (கீழ இருந்து எழும்பற சின்ன மெனு) ஒண்ணு வரட்டும், அதுல "அனுப்பு", "பிரிண்ட்", "போன்ல சேவ் பண்ணு"ன்னு மூணு வரி போதும், அனுப்பு தட்டினா மட்டும் சிஸ்டம் ஷேர் ஷீட் திறக்கட்டும். இது நான் புதுசா கண்டுபுடிச்சது இல்ல, ஆண்ட்ராய்டு குரோம்ல ஷேர் தட்டிப் பாருங்க, முதல்ல குரோமோட சொந்த ஷீட் வரும், பிரிண்ட் அதுலதான் இருக்கும். கூகுள் டாக்ஸ்லயும் மூணு புள்ளிக்குள்ள ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்னு ஒரு தலைப்பு, அதுக்குள்ள பிரிண்ட். கூகுள்காரங்களே தங்களோட ஆப்ல இப்படித்தான் சுத்தி வந்திருக்காங்கன்னா நாம வேற வழி தேடி அலைய வேண்டியதில்ல.

இல்ல, கிளையன்ட் புடிவாதமா "சிஸ்டம் ஷேர் ஷீட்லயே வரணும்"ங்கறாருன்னா வழி இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு கிடுக்கு இருக்கு. ஆண்ட்ராய்டு 14ல இருந்து சூசர்ஆக்‌ஷன்னு ஒண்ணு வந்திருக்கு, ஷேர் ஷீட்ல உங்க ஆப்போட சொந்த பட்டன ஐகான், பேர், ஒரு பெண்டிங் இன்டென்ட் (தட்டினா என்ன நடக்கணும்னு முன்னாடியே எழுதிக் கொடுக்கற சீட்டு) வெச்சு சேர்க்கலாம், நல்ல வசதிதான், ஆனா 14க்கு கீழ உள்ள போன்ல வராது, உங்க பேரண்ட்ஸ்ல எத்தனை பேர் பழைய போன் வெச்சிருக்காங்கன்னு பிளே கன்சோல்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பழைய வழி எக்ஸ்ட்ரா இனிஷியல் இன்டென்ட்ஸ், சூசர, அதாவது சிஸ்டம் ஷேர் ஷீட்ட, திறக்கும்போதே உங்க பிரிண்ட் ஆக்டிவிட்டிய (ஆப்போட ஒரு ஸ்கிரீன ஆண்ட்ராய்டுல இப்படித்தான் சொல்வாங்க) முன்னாடி நிக்க வைக்கறது, ஆண்ட்ராய்டு 10ல இருந்து ரெண்டுக்கு மேல அனுமதி இல்ல, நமக்கு ஒண்ணுதான வேணும், அதனால பரவால்ல. மூணாவதா, உங்க பிரிண்ட் ஆக்டிவிட்டியவே ஆக்‌ஷன் செண்ட் வாங்கறதா மேனிஃபெஸ்ட்ல (ஆப் என்னென்ன பண்ணும்னு சிஸ்டத்துக்கு சொல்ற ஃபைல்) பதிஞ்சு விடலாம்னு சிலர் சொல்வாங்க, அத மட்டும் வேண்டாம்னு சொல்லுவேன், ஏன்னா அப்புறம் அந்த போன்ல எந்த ஆப்ல இருந்து பிடிஎஃப் ஷேர் பண்ணாலும் உங்க ஸ்கூல் ஆப் பேர் லிஸ்ட்ல வந்து நிக்கும், யாரோ எவரோட ஃபைலையோ உங்க ஆப் திறக்க வேண்டி வரும், எதுக்கு அந்த வம்பு.

சரி, உள்ள வேலைக்கு வரேன். ஆண்ட்ராய்டுல ரெடியா இருக்கற பிடிஎஃப்ப பிரிண்டுக்கு அனுப்ப, பிரிண்ட்மேனேஜர எடுத்து அதோட பிரிண்ட் மெத்தட கூப்பிடணும், அதுக்கு மூணு விஷயம் கொடுக்கணும்: வேலைக்கு ஒரு பேரு, ஒரு பிரிண்ட்டாக்குமெண்ட்அடாப்டர் (சிஸ்டம் கேக்கற கேள்விக்கு உங்க பக்கம் பதில் சொல்ற கிளாஸ்), வேணும்னா ஆரம்ப செட்டிங்ஸ். முதல் அடி இங்கயே விழும். பிரிண்ட்மேனேஜர அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்ல இருந்து எடுத்தா, ஆக்டிவிட்டில இருந்துதான் பிரிண்ட் பண்ண முடியும்னு இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் தூக்கிப் போட்டுட்டு ஆப் சாகும். டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷன் பழக்கத்துல எல்லாத்துக்கும் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் கொடுக்கறவங்க கட்டாயம் இதுல மாட்டுவாங்க, அந்த ஸ்கிரீனோட ஆக்டிவிட்டியவே கொடுங்க.

அடாப்டர்ல நீங்க எழுத வேண்டியது ரெண்டே ரெண்டு மெத்தட், ஆன்லேஅவுட், ஆன்ரைட். யூசர் டயலாக்ல பேப்பர் சைஸோ திசையோ மாத்தும்போதெல்லாம் ஆன்லேஅவுட் திரும்ப கூப்பிடப்படும், நம்ம பிடிஎஃப் ஏற்கனவே ரெடியா இருக்கறதால அங்க பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம், பிரிண்ட்டாக்குமெண்ட்இன்ஃபோ ஒண்ணு கட்டி டாக்குமெண்ட் வகைன்னு சொல்லி, பக்க எண்ணிக்கை தெரிஞ்சா போட்டு, தெரியலன்னா அன்நோன்னு விட்டு, முடிஞ்சதுன்னு கால்பேக் கூப்பிட்டுட்டு வந்துடலாம். இந்த இன்ஃபோல கொடுக்கற பேர அசால்ட்டா விட்டுறாதீங்க. யூசர் பிரிண்டர்க்கு பதிலா "பிடிஎஃப்பா சேவ் பண்ணு" செலக்ட் பண்ணா ஃபைல் பேரா வர்றது அதுதான், அங்க வெறும் டாக்குமெண்ட்னு வெச்சா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல டாக்குமெண்ட், டாக்குமெண்ட் 1, டாக்குமெண்ட் 2ன்னு குமியும், எது எந்த டெர்ம் ரசீதுன்னு எந்த அம்மாவுக்கும் தெரியாது. பையன் பேரு, டெர்ம், கடைசில பிடிஎஃப் எக்ஸ்டென்ஷன், இதெல்லாம் சேர்த்து வைங்க.

ஆன்ரைட்ல சிஸ்டம் உங்க கையில ஒரு பார்சல்ஃபைல்டிஸ்கிரிப்டர் கொடுக்கும், அதுக்குள்ள உங்க பிடிஎஃப் பைட்ஸ அப்படியே ஊத்திட்டு எல்லா பக்கமும் எழுதியாச்சுன்னு சொல்லணும். யூசர் 3ஆம் பக்கம் மட்டும் போதும்னு செலக்ட் பண்ணா கூட முழு ஃபைலக் கொடுக்கலாம், வேண்டாத பக்கத்த சிஸ்டத்தோட ஸ்பூலரே (பிரிண்ட் வேலைய வாங்கி பிரிண்டருக்கு அனுப்பற பகுதி) வெட்டிக்கும். ஷேர்ல பண்ற ஃபைல்புரொவைடர், கன்டென்ட் யூஆர்ஐ, கிராண்ட் பெர்மிஷன் ஃபிளாக் இதெல்லாம் இங்க தேவையே இல்ல, ஏன்னா நீங்க அட்ரஸ் கொடுக்கல, சரக்கையே கொடுக்கறீங்க. ஷேர் பக்கத்துக்கு அதெல்லாம் கட்டாயம் வேணும், ஆண்ட்ராய்டு 7ல இருந்து நேரடி ஃபைல் யூஆர்ஐ வெளிய விட்டா ஆப் கிராஷ்தான், அத ஏற்கனவே நீங்க பண்ணியிருப்பீங்க, உங்க ஷேர் வேலை செய்யுதே.

இந்த ரெண்டு மெத்தடும் மெயின் த்ரெட்லதான் வரும். பிரிண்ட் தட்டினதுக்கு அப்புறம் ஆன்ரைட்குள்ள உக்காந்து சர்வர்ல இருந்து டவுன்லோட் பண்ணக் கூடாது. டவுன்லோட முடிச்சு கேஷ் ஃபோல்டர்ல வெச்சுட்டு அப்புறம் பிரிண்ட கூப்பிடுங்க, ஆன்ரைட்ல காப்பி பண்றத மட்டும் பேக்கிரவுண்டுக்கு தள்ளுங்க. இன்னொண்ணு, முடிஞ்சது, ஃபெயில், கேன்சல் இந்த மூணுல ஏதோ ஒரு கால்பேக்க கட்டாயம் கூப்பிட்டே ஆகணும், எக்செப்ஷன கேட்ச்ல முழுங்கிட்டு சும்மா இருந்தா பிரிவியூ சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், யூசர் "உங்க ஆப் தொங்குது"ன்னு ஒரு ஸ்டார் கொடுத்துட்டுப் போவாரு.

சூசர்ஆக்‌ஷன், இனிஷியல் இன்டென்ட் வழில போறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், இது எங்கயும் பெருசா எழுதி வெக்கல. அந்த வழில பிரிண்ட கூப்பிட கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆக்டிவிட்டி ஒண்ணு வைப்பீங்க, ஆன்கிரியேட்ல பிரிண்ட கூப்பிட்டுட்டு அடுத்த வரியில ஃபினிஷ் போடத் தோணும், அப்படித்தான எல்லா டிராம்போலின் ஆக்டிவிட்டியும் (வேற ஒண்ண கூப்பிட்டுட்டு உடனே மூடிக்கறது) எழுதறோம். போட்டீங்கன்னா பிரிண்ட் டயலாக் ஒரு செகண்ட் எட்டிப் பாத்துட்டு மறைஞ்சுடும், லாக்ல எரர் கூட உருப்படியா வராது. காரணம், பிரிண்ட்மேனேஜர் உங்க ஆக்டிவிட்டியோட லைஃப்சைக்கிள காது கொடுத்து கேட்டுக்கிட்டே இருக்கு, ஆக்டிவிட்டி டெஸ்ட்ராய் ஆனா கேள்விக்கு பதில் சொல்ல ஆள் இல்லன்னு ஸ்பூலருக்கு சொல்லி டயலாக மூடிடும். அதனால ஃபினிஷ அடாப்டரோட ஆன்ஃபினிஷ்குள்ள வைங்க, டயலாக் வேலை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அது வரும்.

ஆனா அந்த ஆன்ஃபினிஷ் வந்துடுச்சுன்னு "வெற்றிகரமாக பிரிண்ட் ஆனது"ன்னு டோஸ்ட் போட்டுறாதீங்க! உங்க அடாப்டரோட வேலை முடிஞ்சதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், யூசர் கேன்சல் பண்ணாலும் வரும், பிரிண்டர்ல பேப்பர் இல்லாம நின்னாலும் வரும். நிஜ நிலவரம் வேணும்னா பிரிண்ட் மெத்தட் திருப்பித் தர்ற பிரிண்ட்ஜாப்ப வெச்சுக்கிட்டு முடிஞ்சதா, பிளாக் ஆச்சா, ஃபெயிலான்னு கேக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் சொல்லாம இருக்கறதே நல்லது, சிஸ்டமே நோட்டிஃபிகேஷன் காட்டும்.

இனி ஃபைல் பத்தி, என் கணக்குல பட்டன் வைக்கறத விட இதுலதான் அதிக நேரம் போகும்.

பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப் முதல் தலைவலி. இ-ஆதார் எடுத்துக்கோங்க, பேரோட முதல் 4 எழுத்து கேபிடல்ல, கூட பிறந்த வருஷம், அதான் பாஸ்வேர்டு. ஆபீஸ் லாகின்ல யாராவது அந்த மாதிரி ஒரு ஃபைல பிரிண்ட் கொடுத்தா, உங்க ஆப் பைட்ஸ ஒழுங்கா ஊத்தினாலும் ஸ்பூலரால அத திறக்க முடியாது, பிரிவியூ வராம எரர்ல நிக்கும், உங்க கோடுக்கு அது ஏன்னே தெரியாது. பிரிண்ட் கூப்பிடறதுக்கு முன்னாடி பிடிஎஃப்ரெண்டரர் வெச்சு ஒரு தடவை திறந்து பாருங்க, செக்யூரிட்டிஎக்செப்ஷன் வந்தா பாஸ்வேர்ட் ஃபைல்னு அர்த்தம், கெட்டுப்போன ஃபைல்னா ஐஓஎக்செப்ஷன் வரும். பாஸ்வேர்ட யூசர்கிட்ட கேட்டு வாங்கி பிடிஎஃப்பாக்ஸ் மாதிரி லைப்ரரி வெச்சு பூட்டு திறந்த காப்பி ஒண்ணு கேஷ்ல எழுதி அத பிரிண்டுக்கு கொடுக்கணும், வேலை முடிஞ்ச உடனே அந்த காப்பிய டெலிட் பண்ணிடணும், இத மறந்தா ஆதார் ஒண்ணு பூட்டில்லாம உங்க கேஷ்ல கெடக்கும்.

ரெண்டாவது தமிழ். ரசீத ஆப்குள்ளயே உருவாக்கறீங்கன்னா எந்த லைப்ரரில உருவாக்கறீங்கன்னு பாருங்க. ஃபிளட்டர்ல பரவலா யூஸ் பண்ற டார்ட் பிடிஎஃப் பேக்கேஜ், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஜேஎஸ்பிடிஎஃப், இதெல்லாம் எழுத்து எழுத்தா அப்படியே அடுக்கும், தமிழுக்கு வேண்டிய ஷேப்பிங் (எழுத்தையும் கொம்பையும் சரியான இடத்துல சேர்க்கறது) பண்ணாது. "தொகை"ன்னு அடிச்சீங்கன்னா த-வுக்கு முன்னாடி வர வேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்கும், க-வுக்கு முன்னாடி வர்ற ஐகாரமும் அப்படியே பின்னாடி ஒட்டிக்கும், நல்ல யூனிகோட் ஃபான்ட் போட்டாலும் இதேதான், ஃபான்ட மாத்தி மாத்தி நேரம் வேஸ்ட் பண்ணாதீங்க. ஸ்கிரீன்ல ஆப் அழகா காட்டுதே, பிடிஎஃப்ல மட்டும் ஏன்னா ஸ்கிரீன்ல வரையறது வேற இன்ஜின், அதுக்குள்ள ஷேப்பிங் பண்ற ஹார்ஃப்பஸ் லைப்ரரி இருக்கு. அந்த இன்ஜினையே பிடிஎஃப்புக்கும் யூஸ் பண்றதுதான் தீர்வு: ஆண்ட்ராய்டுல சிஸ்டத்தோட பிடிஎஃப்டாக்குமெண்ட் கிளாஸ்ல கேன்வாஸ்ல வரைஞ்சா தமிழ் ஒழுங்கா வரும், இல்லன்னா ரசீத ஹெச்டிஎம்எல்லா எழுதி வெப்வியூல ஏத்தி அதோட கிரியேட்பிரிண்ட்டாக்குமெண்ட்அடாப்டர கூப்பிட்டா அடாப்டரே ரெடியா கைக்கு வந்துடும், மேல சொன்ன ஆன்லேஅவுட் ஆன்ரைட் எதுவும் நீங்க எழுத வேண்டாம். சர்வர்ல பண்றீங்கன்னா ஹெட்லெஸ் குரோம்ல (ஸ்கிரீன் இல்லாம பின்னாடி ஓடற குரோம்) ஹெச்டிஎம்எல்ல பிடிஎஃப் ஆக்குங்க, சர்வர்ல நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட் கட்டாயம் இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லன்னா எல்லாம் கட்டம் கட்டமா வரும்.

வெப்வியூ வழில ரெண்டு விஷயம் கவனிக்கணும். பேஜ் லோட் முடிஞ்சு ஆன்பேஜ்ஃபினிஷ்ட் வந்ததுக்கு அப்புறம்தான் பிரிண்ட கூப்பிடணும், அவசரப்பட்டா வெள்ளைத் தாள் வரும் இல்ல பாதி பக்கம் வரும். ஸ்கிரீன்ல காட்டாம பிரிண்டுக்காக மட்டும் வெப்வியூ உருவாக்கறீங்கன்னா அத ஒரு ஃபீல்டுல புடிச்சு வைங்க, லோக்கல் வேரியபிள்ல விட்டா கார்பேஜ் கலெக்டர் நடுவுல அள்ளிட்டுப் போயிடும். அப்புறம் பேஜ்குள்ள விண்டோ பிரிண்ட் ஜாவாஸ்கிரிப்ட் போட்டா போதும்னு வெப் டீம் சொல்வாங்க, பிரவுசர்ல வேலை செய்யும், ஆண்ட்ராய்டு வெப்வியூல அது சும்மா கல்லு மாதிரி இருக்கும், ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து நேட்டிவ் பக்கம் ஒரு பாலம் போட்டுத்தான் ஆகணும்.

மூணாவது வேர்டு ஃபைல். வொர்க்‌ஷீட்ட டீச்சர்ஸ் டாக்எக்ஸ்ஸா அப்லோட் பண்ணுவாங்க, ஆண்ட்ராய்டுக்கு அத திறக்கவே தெரியாது, பிரிண்ட் எப்படிப் பண்ணும். சர்வர்ல லிப்ரேஆபீஸ ஹெட்லெஸ்ஸா ஓட்டி பிடிஎஃப் ஆக்கலாம், ஆனா நம்ம ஊர் கொஸ்டின் பேப்பர் கதை உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் இன்னும் பாமினி, வானவில் மாதிரி யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்லதான் அடிக்கறாங்க, அந்த ஃபான்ட் சர்வர்ல இல்லன்னா திருக்குறள் கேள்வி இங்கிலீஷ் எழுத்தும் பிராக்கெட்டுமா வந்து நிக்கும். டீச்சர்ஸ் கம்ப்யூட்டர்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணி அப்லோட் பண்ணச் சொல்லுங்க, ஃபான்ட் உள்ளயே சேர்ந்து வந்துடும். அப்லோட் ஸ்கிரீன்ல டாக்எக்ஸ்ஸ வாங்காம விடறதுதான் என் ஓட்டு, கொஞ்ச நாள் திட்டுவாங்க, பழகிடும்.

படத்துக்கு மட்டும்னா ஆண்ட்ராய்டெக்ஸ்ல பிரிண்ட்ஹெல்பர்னு சின்ன கிளாஸ் இருக்கு, பிட்மேப்ப கொடுத்தா மீதிய அதுவே பாத்துக்கும், பேப்பருக்குள்ள முழுசா அடங்கணும்னா ஃபிட் மோட் வைங்க, இல்லன்னா ஓரம் வெட்டுப்படும். அந்த ஈஸியப் பாத்துட்டு பிடிஎஃப் பக்கத்தையும் படமாக்கி பிரிண்ட்ஹெல்பர்ல விடலாம்னு ஆசைப்படாதீங்க. ஏ4 பக்கத்த 300 டிபிஐல படமாக்கினா 2480க்கு 3508 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 35 எம்பி மெமரி, பத்து பக்க வொர்க்‌ஷீட்டுக்கு சின்ன போன் மூச்சு விடாது, மெமரிய மிச்சம் புடிக்க டிபிஐ குறைச்சா எழுத்து மங்கிப்போகும்.

ஐபோன் பக்கம் ஏற்கனவே வேலை செய்யுதுங்கறீங்க, அதனால சுருக்கமா. நீங்க ஷேர் ஷீட்டுக்கு போன்ல டவுன்லோட் ஆன ஃபைலோட யூஆர்எல்ல கொடுக்கற வரைக்கும் பிரிண்ட் வரும், நாளைக்கு யாராவது "டவுன்லோட் எதுக்கு, சர்வர் லிங்க்கையே ஷேர் பண்ணலாமே"ன்னு மாத்தினா பிரிண்ட் காணாமப் போகும், அப்ப போய் தேடாதீங்க, காரணம் இதுதான். எக்ஸ்க்ளூடட் ஆக்டிவிட்டி லிஸ்ட்ல யாரும் பிரிண்ட்ட சேர்க்கலன்னும் பாத்துக்கோங்க. தனியா பிரிண்ட் பட்டன் வேணும்னா யூஐபிரிண்ட்இன்டராக்‌ஷன்கன்ட்ரோலர், முன்னாடி கேன்பிரிண்ட்னு யூஆர்எல்ல கொடுத்து கேட்டுக்கிட்டா பட்டன காட்டறதா மறைக்கறதான்னு முடிவு பண்ணலாம். ஐபேட்ல மட்டும் ஷேர் ஷீட் எந்த பட்டன்ல இருந்து கிளம்புதுன்னு சோர்ஸ்வியூவோ பார்பட்டன்ஐட்டமோ சொல்லியே ஆகணும், சொல்லலன்னா கிராஷ், ஐபோன்ல மட்டும் டெஸ்ட் பண்றவங்க ஆப் ஸ்டோர் ரிவ்யூல வாங்கிக் கட்டிக்கற இடம் இது.

ஃபிளட்டர்னா பிரிண்டிங் பேக்கேஜ்ல லேஅவுட்பிடிஎஃப்க்கு பைட்ஸ கொடுத்தா ரெண்டு பக்கமும் வேலை முடிஞ்சது, ஷேர் பிளஸ் யூஸ் பண்றவங்க ஐபேட்டுக்கு ஷேர்பொசிஷன்ஆரிஜின மறக்க வேண்டாம். ரியாக்ட் நேட்டிவ்ல எக்ஸ்போ இருந்தா எக்ஸ்போ பிரிண்ட், இல்லன்னா ரியாக்ட் நேட்டிவ் பிரிண்ட். உள்ள ஓடறது மேல சொன்ன அதே சிஸ்டம் டயலாக்தான், அதனால பாஸ்வேர்டு, தமிழ், டாக்எக்ஸ் தொல்லை எல்லாம் அங்கயும் உண்டு.

கொள்கை சம்பந்தமா ஒண்ணு கேட்டு வெச்சுக்கோங்க. ஏதாவது டாக்குமெண்டுக்கு ஷேர வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்களா, உதாரணத்துக்கு பரீட்சைக்கு முன்னாடி டீச்சர்ஸ் மட்டும் பாக்கற கொஸ்டின் பேப்பர்? அப்ப அதுக்கு பிரிண்டும் ஆஃப்தான் இருக்கணும். ஆண்ட்ராய்டு பிரிண்ட் டயலாக்ல பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்கறது எப்பவும் ஒரு பிரிண்டர் மாதிரி உக்காந்திருக்கும், ஷேர பூட்டிட்டு பிரிண்ட திறந்து வெச்சா கதவ சாத்திட்டு ஜன்னல திறந்து வெச்ச கதை ஆயிடும். கம்பெனிங்க தங்களோட ஆப், போன் எல்லாத்தையும் கட்டுப்படுத்த யூஸ் பண்ற மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன்ல கூட கம்பெனி டேட்டாவ பிரிண்ட் பண்றத தடுக்கன்னே தனி செட்டிங் வெச்சிருக்கறது இதுக்குத்தான்.

டெஸ்ட் பண்ண பிரிண்டர் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டுல அந்த பிடிஎஃப் சேவ்லயே முக்கால்வாசி பாத்துடலாம், மேக் இருந்தா எக்ஸ்கோடுக்கான அடிஷனல் டூல்ஸ்ல பிரிண்டர் சிமுலேட்டர் இருக்கு, லினக்ஸ்ல கப்ஸ்ங்கற பிரிண்ட் சாஃப்ட்வேரோட 2.3ல இருந்து ஐபிபிஈவிஈபிரிண்டர்னு ஒரு கமாண்ட் வருது, ஓட்டினா உங்க லேப்டாப்பே நெட்வொர்க் பிரிண்டரா நடிக்கும், போன்ல இருந்து அதுக்கு அனுப்பிப் பாக்கலாம். பட்டன காட்டறதுக்கு முன்னாடி பிரிண்டிங் ஃபீச்சர் அந்த டிவைஸ்ல இருக்கான்னு பேக்கேஜ்மேனேஜர்கிட்ட கேளுங்க, இல்லாத டிவைஸ்ல பிரிண்ட்மேனேஜர் கேட்டா null-தான் (ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்) வரும். பட்டன தட்டினதும் ஒரு நொடி டிசேபிள் பண்ணுங்க, அவசரக்காரங்க டபுள் டேப் அடிச்சு ரெண்டு டயலாக் திறப்பாங்க.

எல்லாம் முடிச்சு ரிலீஸ் பண்ணதும் வர்ற முதல் கம்ப்ளைண்ட் "பிரிண்டர் காட்டல"ங்கறதா இருக்கும், அதுக்கு இப்பவே தயாரா இருங்க. ஆண்ட்ராய்டு 8ல இருந்து மொப்ரியா அடிப்படைல ஒரு பிரிண்ட் சர்வீஸ் போன்லயே வருது, வைஃபை பிரிண்டர்னா பெரும்பாலும் தானா கண்டுபுடிக்கும், ஆனா போனும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும், பிரிண்டர் ஆபீஸ் வைஃபைலயும் போன் கெஸ்ட் வைஃபைலயும் இருந்தா ஒண்ண ஒண்ணு பாக்காது, மொபைல் டேட்டால இருந்தா கேக்கவே வேண்டாம். முன்னாடி இன்டர்நெட் வழியா அனுப்ப கூகுள் கிளவுட் பிரிண்ட் இருந்தது, அத 2020 கடைசியோட மூடிட்டாங்க, பழைய கட்டுரைய படிச்சுட்டு யாராவது அதக் கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க. நம்ம ஊர் ஆபீஸ்லயும் ஜெராக்ஸ் கடைலயும் இன்னும் உழைச்சுக்கிட்டிருக்கற கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 எல்லாம் வெறும் யூஎஸ்பி பிரிண்டர், எந்த போனும் அத வைஃபைல பாக்கப் போறதில்ல. ஃபீஸ் கவுன்டர்ல வெச்சிருக்கற 58 எம்எம் தெர்மல் பில் பிரிண்டரும் இந்த டயலாக்ல வராது, அது புளூடூத்ல ஈஎஸ்சி பாஸ்னு பில் பிரிண்டருக்கான கமாண்ட் பேசற ஜாதி, அதுக்கு பிரிண்டர்காரங்க கொடுக்கற எஸ்டிகேவ (அவங்க ரெடியா தர்ற கோடு தொகுப்பு) வெச்சு தனியா ஒரு பட்டன்தான் எழுதணும். அந்த பாட்டம் ஷீட்ல பிரிண்ட் வரிக்குக் கீழ பொடி எழுத்துல "வைஃபை பிரிண்டர் மட்டும், ஒரே வைஃபைல இருக்கணும்"னு ஒரு வரி போடுங்க. வீட்ல பிரிண்டர் இல்லாதவங்க எப்படியும் "அனுப்பு" தட்டி ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்பப் போறாங்க, அதனால ஷீட்ல அனுப்புங்கறத முதல் வரியாவும் பிரிண்ட ரெண்டாவது வரியாவும் வைங்க.